மீன்பெட்டி ஸ்டுடியோ

சீலா மீனையும் பாறை மீனையும் ஐஸ் போட்டு வெளியூருக்கு அனுப்புகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி இருக்கிறதே, அதை அறுத்து, என் தலையைச் சுற்றி நாலு பக்கமும் ஒட்டி, இனி வாசி என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். சாத்தியவர்கள் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும்தான்.  சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து இதை நினைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

எனக்கு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கூப்பிடுகிற வேலை. வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றுக்கு முட்டுகிறதா என்று ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். காது மந்தமானவர்களிடம் அதைக் கத்திக் கேட்க வேண்டும். கடவுள் கொடுத்த குரலை வைத்துக்கொண்டு, காலை முதல் மாலை வரை ஊராரின் மூத்திரத்தை விசாரித்துக்கொண்டிருந்தேன். வேலையைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்வேன், அது கேவலமான வேலை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் குரலுக்கு ஒரு மரியாதை உண்டு. மாதா கோவிலில் பூசையின்போது பைபிள் வாசகம் வாசிப்பேன். வீட்டுக்காரரும் அவர் தம்பியும் அந்த நேரம் வெளியே நின்று ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பார்கள், ஒரு நாளும் கேட்டதில்லை. கோவில் திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனி நாவல்களை வாசித்துப் பதிவு செய்ய ஆள் தேடுகிறது, அனுப்பிப் பாருங்கள் என்றாள். போனில் நாலு வரி பேசி அனுப்பினேன். குரல் பிடித்திருக்கிறது என்றார்கள். ஒரு அத்தியாயத்தை முழுதாக வாசித்து அனுப்பச் சொன்னார்கள். வெளிச்சத்தம் ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. தேறிவிட்டால் வீட்டில் இருந்தபடியே நாவல் நாவலாக வாசிக்கலாம், டோக்கன் மேஜைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீடு இருப்பது துறைமுகத்துக்குப் போகிற ரோட்டுக்குப் பக்கத்தில். கண்டெய்னர் லாரி போகும்போது அடுக்களையில் பாத்திரம் ஆடும். பக்கத்து வீட்டில் மாவு அரைத்து விற்கிறார்கள், கிரைண்டர் ஓயாது. வீட்டுக்குள் ஒருவரோடு ஒருவர் பேசுவதே கத்தித்தான். மாடியில் ஒருவர் புறா வளர்க்கிறார், நாசமாய்ப் போக. இத்தனைக்கும் நடுவில் நல்ல மைக் ஒன்று வாங்கி, ஜன்னலை அடைத்து, அத்தியாயத்தை வாசித்து அனுப்பினேன். கதாநாயகி அழுகிற இடத்தில் லாரி ஒன்று பின்னால் எடுக்கிற சத்தம் கேட்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒலி புகாத சின்ன அறை ரெடிமேடாகவே கிடைக்கிறது என்று விசாரித்தேன். விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். அப்போதுதான் என் கொழுந்தனார் உள்ளே புகுந்தார். மீன்பிடித் துறைமுகத்தில் மீனைப் பெட்டியில் அடைத்து ஏற்றி அனுப்புவது அவர் தொழில்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் அதற்கு ஒரு மீன்பெட்டி கொடுப்பார்கள். கறிவேப்பிலை வைக்க மீன்பெட்டி. கோழி அடைகாக்க மீன்பெட்டி. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உடைந்தால் மீன்பெட்டி. ஒரு வீட்டில் பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகமெல்லாம் மீன்பெட்டியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொழுந்தனார் சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் அது கிறுக்குத்தனமாகப் படவில்லை. எனக்கும் படவில்லை, அதுதான் கொடுமை.

"மைனி, ஐஸே உருகாத பெட்டி இது. வெயிலு உள்ள போவ முடியல, சத்தம் எங்கன போவும்?" என்றார்.

கேட்க நியாயமாக இருந்தது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எதையாவது தூக்கி நிறுத்துவதென்றால் அவருக்குக் குஷி வந்துவிடும். படுக்கையறை மூலையில் பிளாஸ்டிக் பைப்பால் சட்டம் கட்டினார். தம்பி பெட்டிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டு வந்தார். புதுப் பெட்டியா என்று கேட்டேன். புதுசுக்கு யாராவது காசு கொடுப்பார்களா மைனி, கழுவித்தானே வைத்திருக்கிறோம் என்றார்.

கழுவின லட்சணத்தைச் சொல்கிறேன். தெர்மாகோல் என்பது குட்டிக் குட்டி உருண்டைகள் ஒட்டி இருப்பது. இரண்டு உருண்டைகளுக்கு நடுவில் இருக்கிற சந்தில் மீன் ரத்தம் இறங்கிக் காய்ந்து பழுப்பாக உட்கார்ந்திருந்தது. செதில்கள் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒட்டியிருந்தன. ஒரு பெட்டியின் மூலையில் ஒரு கண் இருந்தது. மீன் கண்தான், ஆனாலும் கண் கண்தானே. சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன், பிளீச்சிங் பவுடர் போட்டேன், பினாயில் ஊற்றி மொட்டை மாடியில் காய வைத்தேன். காக்கை வந்து கொத்தியது. கொத்துகிற அளவுக்கு அதில் என்னமோ மிச்சம் இருந்திருக்கிறது.

அண்ணனும் தம்பியும் அதை அறுத்துப் பசை தடவி ஒட்டி, மேலேயும் ஒன்று வைத்து மூடி, பழைய பிளைவுட்டில் கதவு போட்டார்கள். உள்ளே ஒரு ஸ்டூல், மைக், ஒரு சின்ன விளக்கு. மின்விசிறி கிடையாது, சத்தம் வருமே. முதல் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு பக்கம் வாசிப்பதற்குள் வேர்த்து ஊற்றிவிட்டது. என் உடம்புச் சூட்டில் அந்தச் சுவர்களுக்கு உயிர் வந்தது. சாளைக் கருவாடும் பினாயிலும் பசையும் கலந்து ஒரு வாடை, மூக்கில் ஏறவில்லை, நேராகத் தொண்டையில் இறங்கியது. நான் கடற்கரையில் பிறந்தவள். மீன் வாடை எனக்குப் புதிதில்லை. ஆனால் மீன் வாடைக்குக் காற்று வேண்டும். காற்று இல்லாத இடத்தில் அது வேறு ஜென்மம்.

வாசிக்க வேண்டிய அத்தியாயம் என்ன தெரியுமா. பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி வந்த தோழியின் தலையில் ஒரு பெண் பூ வைத்துவிடுகிறாள். அறையெல்லாம் மல்லிகை மணக்கிறது என்று நாலு இடத்தில் வருகிறது. மல்லிகை என்று சொல்ல வாயைத் திறப்பேன், குமட்டிக்கொண்டு வரும். எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடியும் மல்லிகை என்பேன். ஒரு ஈ எப்படியோ உள்ளே வந்து மைக்கின் மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும். கதவுக்கு வெளியே தெருப் பூனை ஒன்று வந்து உட்கார்ந்து பிறாண்டும். சாம்பிராணி போட்டுப் பார்த்தேன். கோவிலுக்குள் மீன் செத்த மாதிரி ஆனது.

இதில் பெருமை வேறு. வீட்டுக்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் நான் காப்பி போட்டேன். அவர்கள் கதவைத் திறந்து தலையை நீட்டி, நல்லா இருக்குதே அண்ணாச்சி, செலவே இல்லாமல் ஸ்டுடியோ கட்டிவிட்டீர்களே என்று சொல்லிவிட்டு, தலையைச் சீக்கிரம் வெளியே எடுத்துக்கொண்டார்கள். ஒருவர்கூட உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்க்கவில்லை. கட்டிய இரண்டு பேரும்கூடத்தான்.

வாடை தலைமுடியில் ஏறிக்கொண்டது. சீயக்காய் போட்டாலும் போகவில்லை. ஸ்கேன் சென்டரில் ஒரு கர்ப்பிணிப் பெண் என் மேஜைக்கு வந்து பெயரைச் சொல்ல ஆரம்பித்தவள், வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அவளுடைய மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். மூத்திரத்தை விசாரிக்கிறவள் என்பதே போதாதா, இப்போது நாற்றம் பிடித்தவள் என்ற பெயருமா.

அப்படி வாசித்த அத்தியாயத்தை அனுப்பினேன். கம்பெனியில் இருந்து ஒரு பெண் போன் செய்தாள். மரியாதையான பெண், சுற்றி வளைத்துத்தான் வந்தாள்.

"பக்கெட்டுக்குள்ள தலைய விட்டுப் பேசுற மாதிரி எக்கோ அடிக்குது மேடம். வெளிச்சத்தமும் முழுசா நிக்கல. அதக்கூட விட்டுடலாம். உங்களுக்கு வாசிக்கவே அருவருப்பா இருந்த மாதிரி இருக்கு."

  மாதக் கடைசி வரைக்கும் பார்க்கிறோம், இன்னும் ஒரே ஒரு தடவை அனுப்புங்கள் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கொழுந்தனாரிடம் சொன்னேன். ஒரு அடுக்கு போதாது மைனி, இன்னொரு அடுக்கு ஒட்டிவிடலாம், நாளைக்கே பெட்டி கொண்டு வாரேன் என்றார். வீட்டுக்காரர் தலையாட்டினார். எனக்கு ஆத்திரம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. முதலில் நீங்கள் உள்ளே போய் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்துவிட்டு வாருங்கள், பிறகு ஒட்டலாம் என்றேன். வீட்டுக்காரர் அந்தக் கதவைப் பார்த்தார். எனக்கு மூச்சு முட்டும் ளா, என்றார். இதை வெட்கமில்லாமல் சொன்னார். அவருக்கு மூச்சு முட்டுமாம். எனக்கு இருப்பது மூக்கில்லை, சும்மா முகத்தில் ஒட்டவைத்த பொம்மை.

மறுநாள் அவர்கள் வேலைக்குப் போனதும் அடுக்களைக் கத்தியை எடுத்து எல்லாவற்றையும் பிய்த்தேன். வெள்ளை உருண்டைகள் வீடெல்லாம் பறந்து, வேர்வையில் கையிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டன. அத்தனையையும் சாக்கில் கட்டித் தெருமுனையில் போட்டேன். மாலையில் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்காரர், தம்பி கஷ்டப்பட்டுச் செய்தது என்று மட்டும் யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். நான் கஷ்டப்பட்டது எந்தக் கணக்கிலும் வரவில்லை. இனி இந்த வாசிக்கிற ஆசையை விட்டுவிடுவாள் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அதைத் திருத்தப் போகவில்லை.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. துவைத்ததை எல்லாம் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தேன். ஜமுக்காளம், கம்பளி, கனத்த போர்வைகள். அவற்றுக்கு நடுவில் நின்று ஈரம் பார்த்துக்கொண்டே, வீட்டில் ஆள் இல்லாத தைரியத்தில், அண்ணனையும் தம்பியையும் வாய்க்கு வந்தபடி வைதுகொண்டிருந்தேன். வைது முடிக்கும்போதுதான் காதில் பட்டது. என் குரல் எங்கேயும் போய் முட்டித் திரும்பவில்லை. வாயில் இருந்து விழுந்த இடத்திலேயே நின்றது. அட கருமமே, இதற்குத்தானா இத்தனை பாடு என்று தலையில் அடித்துக்கொண்டேன். தெர்மாகோல் ஐஸுக்குத்தான். சத்தத்துக்குத் துணிதான். வீடு நிறையத் துணியை வைத்துக்கொண்டு மீன்பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

லாரிக்கும் கிரைண்டருக்கும் என்ன செய்வது என்று யோசித்தேன். ஞாயிறு காலைப் பூசைக்கு எங்கள் தெருவே போய்விடும். மாவு அரைக்கிறவர்களும் போவார்கள், புறாக்காரரும் போவார். அந்த நேரம் ரோட்டில் லாரியும் குறைவு. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அன்று வாசகம் என்னுடைய முறை, வேறொருத்தியைக் கேட்டுக்கொண்டேன். கோவில் மணி அடித்து ஓய்ந்ததும் எழுந்து, மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாத்தி, கொடியில் ஜமுக்காளத்தையும் கம்பளியையும் நாலு பக்கமும் தொங்கவிட்டு, நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். துவைத்த துணி வாசனை. கத்த வேண்டிய தேவையே இல்லை. மல்லிகை என்று சொன்னேன், நிஜமாகவே மணத்தது. தோழியின் தலையை அந்தப் பெண் தொடுகிற இடத்தில் எனக்கே கண் கலங்கியது. பூசை முடிந்து தெருவில் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் முடித்துவிட்டேன்.

பதில் வந்தபோது டோக்கன் மேஜையில் இருந்தேன். தேறிவிட்டேன். என் வாசிப்பில் லேசாக இசை சேர்த்து அதையும் கூட அனுப்பியிருந்தார்கள். அன்றே முதலாளியிடம் போய், மாதம் முடிந்ததும் நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. கேட்க வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒரு ஆசை. அவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும். சின்னப்பிள்ளை மாதிரி ஞாயிற்றுக்கிழமை வரை அதை வயிற்றுக்குள் வைத்திருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் கொழுந்தனாரும் சாப்பிட வந்திருந்தார். இருவருக்கும் சோறு போட்டுவிட்டு, இதைக் கொஞ்சம் கேளுங்கள் என்று போனை நடுவில் வைத்தேன். வாசிப்பு ஆரம்பித்தது. வீட்டுக்காரர் முதலில் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பிசைந்தார். பிறகு கை நின்றுவிட்டது.  தெரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

"யாரு ளா இந்தம்மா? எவ்வளவு பதமா வாசிக்கா பாரு. இப்பிடி வாசிச்சா ஏன் திருப்பி அனுப்பப் போறான்," என்றார். மெட்ராஸ்காரியாக இருக்கும், ஏசி ரூமில் இருந்து பேசுகிறாள் என்று தம்பி ஒத்து ஊதினார்.

நான்தான் என்று சொன்னேன். இருவரும் சிரித்தார்கள். நல்ல பகிடி என்று நினைத்துக்கொண்டார்கள். என் கழுத்தில் தாலி கட்டி, தினமும் என் பக்கத்தில் படுத்து எழுகிற மனிதர். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. போனை நிறுத்தவில்லை. அத்தியாயம் முடிந்தால் வாசித்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். ஓடட்டும் என்று விட்டேன். கடைசியில் அந்தக் குரல் என் பெயரைச் சொன்னது. ஊரையும் சொன்னது.

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. சந்தோஷப்படுவார் என்றுதான் அந்த நிமிஷத்திலும் நினைத்தேன்.

"அப்போ எங்ககிட்ட மட்டும் ஏன் ளா கத்துத?" என்றார்.

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். முகத்தில் ஒரு வருத்தம்கூட இருந்தது. பதிலை மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். அதற்குள் கொழுந்தனார் கிரிக்கெட் பார்க்க டிவியைப் போட்டுவிட்டார், வீட்டுக்காரர் கையைக் காதில் வைத்து என்ன, என்ன என்றார்.

"ஒண்ணுமில்ல, சோறு ஆறுது" என்று கத்தினேன்.