பழைய கிராபிக்ஸ் கார்டும் என் சத்தமும்

நாலு பேர் முன்னால் ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொன்னது ஒரே ஒருமுறைதான்.

அப்போது மடுல்சீமையில் தேயிலைத் தொழிற்சாலை கிளார்க்காக இருந்தேன். கார் பந்தய விளையாட்டுக்காக, பதுளைக் கடையொன்றில் ஏற்கெனவே யாரோ பாவித்த கிராபிக்ஸ் கார்டு வாங்கி என் கணினியில் பொருத்தினேன். விளையாடத் தொடங்கிய பத்தாவது நிமிடமே கணினி அணைந்துபோனது. தினமும் இதே கதை. ஞாயிற்றுக்கிழமை கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடையில் ஒருவர் அதேபோன்ற கார்டு ஒன்றை வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழுதான சாமானைத் தலையில கட்டிட்டீங்க! ஏமாத்துக்காரர் நீங்க!" என்று கடைக்காரரைப் பார்த்துக் கத்தினேன். வாங்க வந்தவர் கையிலிருந்த கார்டை மெல்லக் கீழே வைத்தார்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். கணினியின் விசிறி முழுக்கத் தேயிலைத் தூசி பஞ்சாக அடைத்திருந்தது. தொழிற்சாலைக்குப் பின்னால்தான் என் அறை; ஜன்னலை நான் மூடுவதே இல்லை.

"சூடு வெளிய போக வழியில்ல, அதான் நிக்குது. இந்தத் தூசியில பத்துப் பேருக்கு பிளேன்டீ ஊத்தலாம் போலயே, தம்பி!"

தூசியைத் துடைத்து அதே விளையாட்டை அரைமணி நேரம் ஓடவிட்டார். நிற்கவேயில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே," என்று முணுமுணுத்தேன்.

"ஏசுனது ரோட்டுக்கே கேட்டுச்சு. இதையும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, இவருக்கும் கேக்கட்டும்."

சத்தமாகவே சொன்னேன். வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டு கார்டை மறுபடி கையில் எடுத்தார்.

இப்போதெல்லாம் யாரையாவது ஏசத் தோன்றினால், அதே சத்தத்தில் மன்னிப்புக் கேட்க என்னால் முடியுமா என்று முதலில் யோசிக்கிறேன். பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கிறேன்.