ஒன், டூ, த்ரீ என்று நான் சொல்லிப் பார்த்த ரெக்கார்டர்

தொண்ணூற்றெட்டில் என் மனைவிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. "ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் பழையபடி வரும்னு சொல்ல முடியாது" என்று புதுச்சேரி டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். பாடுகிறவள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பதினோரு வருடம் கோயில் கச்சேரி செய்தோம். அவள் பாட்டு, நான் ஆர்மோனியம். அத்தனை வருடத்தில் அவள் குரல் தனியாகப் பதிவான கேசட் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே ஓட்டிவிட்டேன். ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ரெக்கார்டர் வாங்க விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். நானும் வருகிறேன் என்றவளை, "நீ வந்து என்ன பண்ணப் போற?" என்று உட்கார வைத்துவிட்டேன்.

கடையில் மூன்று காட்டினார்கள். ஒன்று இரண்டு ஸ்பீக்கர் வைத்த பெரிய பெட்டி, பஸ்ஸில் தூக்கிவர முடியாது. இன்னொன்றுக்குத் தனியாக மைக் வாங்கவேண்டும். மூன்றாவது சட்டைப்பையில் அடங்கியது. பக்கவாட்டில் 'வாய்ஸ்' என்று ஒரு பொத்தான்.

"வாய்ஸுக்குன்னே வந்தது சார். ஒரு இன்ச் டேப் வேஸ்ட் ஆவாது" என்றார் கடைக்காரர்.

குரலைப் பிடிக்கத்தானே வந்திருக்கிறோம், இதைவிட வேறென்ன வேண்டும்? "ஒன், டூ, த்ரீ" என்றேன். கணீரென்று திரும்பி வந்தது. பாடப்போகிறவள் வீட்டில் இருக்கிறாளே என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை கதவைச் சாத்திக்கொண்டு, 'வாய்ஸ்' பொத்தானைப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். அவள் குரல் மட்டும் பதியட்டும் என்று, சுருதி கொடுத்துவிட்டு ஆர்மோனியத்தை நிறுத்திக்கொண்டேன். கட்டி அழுத்தியதில் அவளால் மெல்லத்தான் பாட முடிந்தது. தப்பு வந்த இடத்திலெல்லாம் நிறுத்தினேன். நடுவில் அவள் ரெக்கார்டரில் இருந்த சின்ன சிவப்பு விளக்கைக் காட்டி, "லைட்டு அணைஞ்சி அணைஞ்சி எரியுதுங்க" என்றாள்.

"நீ லைட்டப் பாக்காத, பாட்டப் பாரு!" என்று கத்தினேன். முன்கோபம் எனக்குப் பிறவிக் குணம். அன்றைக்குப் பயமும் சேர்ந்துகொண்டது. மத்தியானம் வரை பாடியும் கேசட்டில் பாதிகூட ஓடவில்லை. போட்டுக் கேட்டுக்கூடப் பார்க்காமல், நல்ல மெஷின் என்று மெச்சிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்தது. கட்டி போனது, குரலும் போனது. வெறும் காற்றாக ஒரு கரகரப்புதான் மிஞ்சியது. ஒரு மாதம் கழித்து அவளே கேசட்டைப் போடச் சொன்னாள்.

ஆர்மோனியம் வந்தது. அடுத்து நான். "மூச்சு உடாத." "சுருதி எங்க போவுது?" "மறுபடி." இடையிடையே அவள் குரல் ஏறிய இடங்களில் மட்டும் இரண்டு மூன்று வரிகளின் வால். அந்தப் பொத்தானைப் போட்டால் பெரிய சத்தத்துக்குத்தான் டேப் ஓடும், மெல்லிய சத்தத்துக்குத் தானே நின்றுவிடும் என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். "நீ லைட்டப் பாக்காத" என்பது தெளிவாக இருந்தது. அதற்கு முன் அவள் சொன்னது இல்லை.

அவமானம் தாங்காமல் அங்கேயே அழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதீங்க. நான் பாடனதுதான் இல்ல, திட்டு வாங்கனதாச்சும் இருக்கட்டும்."

கேலியாகச் சொன்னாளா, மனம் நொந்து சொன்னாளா என்று அந்தக் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.