தேவராஜன் அண்ணனின் பெயர்த் தகடு

செய்தி வந்தபோது நான் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். தேவராஜன் அண்ணனின் மகள் சுமதி கைப்பேசியில் அழைத்தார். "அக்கா, அப்பா போயிட்டாங்க. பூன் லேயில எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழதான் வெச்சிருக்கோம்." மீனை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

அண்ணனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரயில் எஞ்சினின் கூரைமேல் குழல் குழலாக ஹார்ன் இருக்குமே, அதைச் செய்தவர் அவர். பூன் லே பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை. அங்கே பாகங்களைப் பொருத்துவதும் பெட்டி கட்டுவதும் என் வேலை. குழலின் வளைவிலிருந்து அது எழுப்பும் ஓசை வரை எல்லாம் அண்ணனுடையவை, பெயரைத் தவிர. ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனம் தன் பெயர் பொறித்த தகடுகளை அனுப்பிவைக்கும். ஒவ்வொரு ஹார்னிலும் இரண்டு திருகாணி போட்டு அதை முடுக்க வேண்டும். முடுக்கிய பிறகுதான் அது ஹார்ன் ஆகுமாம்!

அந்தத் தகட்டை வேறு யாரும் தொட அண்ணன் விடமாட்டார். "வயித்தெரிச்சல் எனக்கு, வேலை மட்டும் உங்களுக்கா? குடு லா" என்று திருப்புளியைப் பிடுங்கிக்கொள்வார்.

ஒருமுறை பட்டறைக்காரர்கள் எல்லோரையும் எல்லை தாண்டி ஜொகூருக்கு அழைத்துப் போனார். நடைமேடையில் நின்றிருந்தோம். ரயில் ஹார்ன் அடித்தபடி வந்தது. "கேட்டியா கமலா? நம்ம புள்ள லா!" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர், அவரும் தமிழர்தான், "வெள்ளைக்காரன் செஞ்சதுங்க. அதான் சத்தம் இப்படிக் கணீர்னு இருக்கு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடு. தகட்டுல அப்படித்தானே போட்டிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகுதான் சொந்தமாகத் தகடு அடித்தார். 'தேவராஜன், சிங்கப்பூர்.' அவ்வளவுதான். அடுத்து அனுப்ப வேண்டிய சரக்கு முழுவதிலும் அதையே முடுக்கி அனுப்பினார். பெட்டிகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. ஹார்னில் ஒரு குறையும் அந்த நிறுவனத்தார் சொல்லவில்லை. தகட்டை மாற்று, இல்லையென்றால் இனி வேலை கிடையாது என்றார்கள். பட்டறையை நம்பி எத்தனை குடும்பங்கள்! அண்ணன் என்ன செய்வார்? தம் பெயரைத் தம் கையாலேயே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழிவுக் கூடையில் போட்டார். அதிலிருந்து ஒன்றை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் பார்த்தார்.

போன ஆண்டு உடம்பு படுத்தியபோது அந்த நிறுவனத்திடம் கடைசியாகக் கேட்டுப் பார்த்தார். குழலுக்கு உள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில், பெயரைக் கொத்திக்கொள்ளலாமா? முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. "உள்ள கூடவா லா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. அவர்களை மன்னிக்கவும் முடியவில்லை.

புளோக்கின் கீழே அண்ணன் படுத்திருந்தார். தலைமாட்டில் ஆள் உயர மலர்வளையம். அதன் குறுக்கே அந்த நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில். செத்த பிறகும் மனிதர்மேல் தகட்டை முடுக்கிவிட்டார்கள், பாவிகள்! நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளைஞர், "அங்கிள் எங்களுக்கு ஃபேமிலி மாதிரி, ஆன்ட்டி" என்றார்.

"அப்படியா தம்பி? ஃபேமிலின்னா பேரு தெரிஞ்சிருக்குமே. சொல்லுங்க."

அவர் கைப்பேசியை எடுத்துத் தேட ஆரம்பித்தார்.

சுமதியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மலர்வளையத்தைத் தூணுக்குப் பின்னால் தள்ளினேன். மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படும் முன், மூடிய பெட்டியின்மேல் என்னிடமிருந்த தகட்டை வைத்து, இரண்டு திருகாணி போட்டு முடுக்கினேன். சவப்பெட்டிக்காரர், "மெட்டல் கூடாது ஆன்ட்டி" என்று தடுக்க வந்தார். "அது எங்கப்பா பேரு. இருக்கட்டும்" என்றார் சுமதி. சவப்பெட்டிக்காரர் விலகிக்கொண்டார்.

போய் வாருங்கள், அண்ணே. உங்கள் பெயரோடு போகும் இந்தப் பெட்டியை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.