ஆலய வாசலில் நீட்டிய பாவு

மகன் கை முறிந்து படுத்திருந்த ஆஸ்பத்திரி அறையில், பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கஞ்சித் தூக்கைத் திறந்தார். லேசாகப் புளித்த அரிசிக் கஞ்சி வாசனை. என் மகன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. வாய் சும்மா இருக்காமல், "ஆண்டவர் அடிச்சு சிட்சிக்கிறாரோ என்னவோடா" என்று சொல்லிவிட்டேன்.

"இடிச்சது லாரிம்மா" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இதே மாதிரி ஒரு பதிலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இதே கஞ்சி வாசனைக்கு நடுவில்தான்.

எழுபதுகளில் பெரிய காஞ்சிபுரத்தில், ஆலயம் இருந்த தெருவிலேயே எங்கள் வீடு. நைனா பட்டு நெசவாளி. சிறிய சபை; கிறிஸ்தவ நெசவுக் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போதகர் மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து வந்து, அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் சபைப் பெரியவரான மூப்பரின் ராஜ்ஜியம். இந்த மூப்பரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் பார்க்கிறேன். வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒரு திருவிருந்து ஞாயிறு, கல்யாணப் புடவை ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டி நைனா காலையிலேயே தறியில் இறங்கிவிட்டார். ஜெப வேளையில் தறிச் சத்தம் ஆலயத்துக்குள் கேட்டது. வேறு வீட்டுத் தறி என்று விட்டிருக்கலாம். தெருவில் பாதி வீடுகளில் தறி உண்டே. ஆனால் மூப்பருக்கு எங்கள் தறியின் சத்தம் தெரியும். ஓய்வுநாளில் வேலை செய்ததற்கு மூன்று மாதம் திருவிருந்து கிடையாது, கடைசி பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்று நைனாவின் பேரை எழுதித் தீர்ப்பானது.

"மூணு மாசம் இன்னா, இனிமே நா வரவே மாட்டேன்" என்றார் நைனா. அதோடு விட்டாரா? பாவு நீட்டுவதைச் சனிக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கு மாற்றினார்.

பாவு என்றால் புடவையின் நீள இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, ஒட்டாமல் பிரித்துக் காயவைப்பார்கள். இடுப்பு உயரத்துக்கு நிற்கும். தாண்டவும் முடியாது, தள்ளவும் கூடாது. பட்டாயிற்றே. நைனா அதைச் சரியாக ஆலய வாசலை மறித்துக் கட்டுவார். சபை மொத்தமும் குனிந்துதான் உள்ளே போகும். வெள்ளைக் கோட்டும் குடையுமாக வருகிற மூப்பர் இரட்டையாக மடிந்து நுழைவார்.

"குனிங்க, நல்லாக் குனிங்க. ஆண்டவர் வாசல்ல பெருமை ஆகாதுன்னு நீங்கதானே சொல்வீங்க" என்பார் நைனா.

மூப்பரும் சளைத்தவரில்லை. உள்ளே போய், விலகிப்போன ஆட்டின் காலை உடைத்தாவது கொண்டுவரும்படி உரக்க ஜெபிப்பார். வெளியே நைனா "ஆமென்" என்பார், அதைவிட உரக்க. நான் அம்மாவோடு உள்ளே உட்கார்ந்து, மூப்பரின் குடை பாவில் மாட்டி அவர் குப்புற விழ வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருப்பேன். ஏழு மாதம் இப்படியே ஓடியது. அம்மா மட்டும் அந்த ஏழு மாதமும் சத்தமில்லாமல் அழுதாள். புருஷன் இல்லாமல் தனியாகத் திருவிருந்து வாங்குவது அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அப்படியொரு திருவிருந்து ஞாயிறு. பாட்டு முடிகிற நேரம் வெளியே ஒரே கூச்சல். நானும் அம்மாவும் ஓடிவந்து பார்த்தோம். சிவன் கோவிலுக்கு நேர்ந்துவிட்ட மாடு ஒன்று மிரண்டு ஓடிவந்து, பாவைக் கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. தெருவெல்லாம் அரக்குச் சிவப்பு இழை.

மூப்பர் வாசலில் வந்து நின்றார். முகத்தில் அப்படியொரு திருப்தி. "பாத்தியாபா? கர்த்தர் அடிச்சார்."

நைனா மண்ணில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "அடிக்கிறதுக்கு உங்க கர்த்தருக்கு வேற ஆளே ஆப்டலியா? சிவன் மாட்டை இரவல் வாங்கிக்கினாரா?"

தெரு சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. ஆலயத்துக்கு உடுத்திய புடவையோடு புழுதியில் உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முறுக்க ஆரம்பித்தாள்.

"எழுந்து உள்ள போமே. அப்பம் குடுக்கப் போறாங்க" என்றார் நைனா.

"இருக்கட்டும். அடிச்சவரு கட்டவும் செய்வாரு. அதுக்கு ரெண்டு கை வேணாமா?"

"அம்மா, இது ஓய்வுநாள்!" என்றார் மூப்பர்.

"என் பேரையும் எழுதிக்கய்யா" என்றாள் அம்மா. அவரை 'நீ' என்று அவள் பேசிக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

உள்ளே திருவிருந்து நடந்து முடிந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. நைனா இழையைப் பார்க்கவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடு அடித்த அடி அவருக்கு வலிக்கவே இல்லை, இது வலித்தது.

விலகினவர் திரும்பி வந்தால் சபைக்கு முன் நின்று அறிக்கை செய்ய வேண்டும் என்பது வழக்கம். அடுத்த மாதம் நைனா போய் நின்றார். "ஆண்டவரை விட்டுப் போனேன். அவரு அடிச்சாரு, வாங்கிக்கினேன். அவருகிட்ட மன்னிப்பு கேக்கறேன்." மூப்பர் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட கேக்கல."

போதகர் இருமுவதுபோல் வாயை மறைத்துக்கொண்டு பாத்திரத்தை நீட்டினார். மூப்பரின் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக இறங்கும். ஆண்டவர் என்னையும் சிட்சிக்கட்டும்.

இப்போது அந்தத் தெருவில் கார்கள் நிற்கின்றன. சபையில் யாரையும் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவதில்லை. யார் வரவில்லை என்று திரும்பிப் பார்ப்பதும் இல்லை. ஏழு மாதம் ஆலயத்தை விட்டு விலகிப் போனதாக நைனாவைச் சொன்னார்கள். ஒரு ஞாயிறு தவறாமல் அந்த மனிதர் அதன் வாசலில்தான் இருந்தார். என் மகனுக்கோ, போய் வழிமறித்து நிற்கும் அளவுக்கு அங்கே யார்மேலும் கோபம் இல்லை.