சுகிர்தா டீச்சருக்கு வந்த சக்களத்தி

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த சுகிர்தா டீச்சர், கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாடசாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறார். பாடம் சுத்தம், வாய்தான் பொல்லாதது. "இதுகூடத் தெரியாதே?" என்று ஒருமுறை கேட்டால் அந்தப் பிள்ளை தவணை முழுக்க வாய் திறக்காது. வகுப்பு அமைதியாக இருந்தால் எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் வகுப்புக்கு 'டெப்' என்ற கைக்கணினி வந்தது. எதைக் கேட்டாலும் தமிழில் பதில் சொல்லும் செயலி அதில் இருந்தது. யார் என்ன கேட்டார்கள், அது என்ன சொன்னது என்ற பட்டியல் ஆசிரியருக்கு வரும். மடவளையிலிருந்து வரும் நதா, இரண்டு வருடத்தில் டீச்சரிடம் ஒரு கேள்வியும் கேட்காதவள், ஒரே கிழமையில் அதனிடம் அறுபத்துமூன்று கேட்டிருந்தாள். அதில் ஒரே கேள்வி ஏழு தடவை. ஏழு தடவையும் அது பொறுமையாகச் சொல்லியிருந்தது.

"உங்களுக்கு ஒரு சக்களத்தி வந்துட்டா போல," என்றார் பக்கத்துக் கதிரையிலிருந்த தனுஜா டீச்சர். "அவவுக்கு ஏசவும் தெரியாது, லீவும் தேவையில்ல."

"மெஷினுக்கென்ன, தலையிடியே வரப்போகுது?" என்ற சுகிர்தா அன்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

மறுநாள் நதாவின் கொப்பியில் 'ஒளிச்சேர்க்கை' என்று கண்டார். அது இந்தியப் பாடநூலின் சொல். நமது இலங்கை நூலில் 'ஒளித்தொகுப்பு'. செயலி சொல்லிக்கொடுத்தது அப்படி. பக்கம் முழுக்க அதே கதை. தவணைப் பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தச் சாமானே காப்பாற்றட்டும் என்று கையொப்பமிட்டுக் கொப்பியை மூடினார்.

விடைத்தாளில் அந்தச் சொற்கள் வந்த விடைகளையெல்லாம் சிவப்பால் வெட்டினார். நதாவுக்கு இருபத்தொன்பது.

தாள் கிடைத்ததும் பிள்ளை டெப்பைத்தான் கேட்டாள். 'உன் விளக்கம் சரி. ஏன் வெட்டினார் என்று ஆசிரியரிடமே கேள்' என்றது அது. நதா தாளோடு மேசையடிக்கு வந்தாள்.

"டீச்சர்... இது ஏன் பிழை? டெப் உங்கள்ட்டயே கேக்கச் சொல்லிச்சு."

இரண்டு வருடத்தில் முதல் கேள்வி. அதையும் அந்தச் சாமான்தான் அனுப்பிவைத்திருந்தது. சுகிர்தாவுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் பொய் வரவில்லை.

"பிழை இல்லை பிள்ளை. சொல்லுத்தான் வேறை. முதலே கொப்பியிலை கண்டனான், சொல்லேல்லை."

"ஏன் டீச்சர்?"

"நீ அதிட்டை மட்டும் கேட்டது எனக்குப் பொறுக்கேல்லை."

"உங்கள்ட்ட கேட்டா ஏசுவீங்க தானே," என்றாள் நதா. பிறகு யோசித்தாள். "அப்ப நம்மட சொல்ல அதுக்கும் சொல்லிக் குடுங்களே டீச்சர். யாரும் குடுக்கலயாக்கும்."

சுகிர்தா முதலில் புள்ளியை ஐம்பத்தாறாகத் திருத்தினார். பிறகு வகுப்பு டெப்பை இழுத்து, இலங்கைப் பாடநூலின் சொற்களை ஒவ்வொன்றாக அதில் தட்டச்சு செய்தார்.

'நன்றி, ஆசிரியரே' என்றது அது. அந்த மரியாதையும் அவருக்குப் பிடிக்கவில்லை.