போனை வைத்த பெரியப்பா

எங்கள் அப்பாவுக்குப் பிடிக்காத பொருள்கள் உலகத்தில் நிறைய இருந்தன. பம்ப் அடித்தால்தான் எரியும் ஸ்டவ் பிடிக்காது. தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடுவேன் என்கிற கடிகாரம் பிடிக்காது. மூடியைத் திருகி, உள்மூடியை நெம்பி, அதற்கும் உள்ளே ஒரு தாளைக் கிழித்தால்தான் மாவைக் காட்டும் பால்பவுடர் டப்பா வீட்டுக்கு வந்த அன்று, அதைச் செய்தவனின் ஏழு தலைமுறையையும் வைதார். "பாலைக் குடிக்கதுக்கு எதுக்குட்டி இத்தனை வாசல்?" என்று என்னைப் பிடித்துக் கேட்டார், ஏதோ டப்பாவை நான்தான் செய்து கொண்டுவந்த மாதிரி.

தாராவியில் அவர் தகரத்தில் டிரங்குப் பெட்டி செய்கிறவர். அவர் பெட்டிக்கு ஒரு மூடி, ஒரு கொண்டி, அவ்வளவுதான். பூட்டு வேண்டுமானால் வாங்கி மாட்டிக்கொள்வது உங்கள் பாடு. அந்தப் பட்டறையை முதலில் அவரும் பெரியப்பாவும் சேர்ந்துதான் நடத்தினார்கள். பெரியப்பா நேர் எதிர். புதிதாக எது வந்தாலும் அதைப் பிரித்துப் பார்த்து, திரும்ப மாட்டி, தன் வேலையில் எங்காவது ஒட்டவைத்துவிட வேண்டும் அவருக்கு. அப்படித்தான் ஒருநாள் ஒரு மூட்டை ஸ்பிரிங் பூட்டு வாங்கிவந்தார். மூடியை அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். பெட்டிகள் நன்றாகத்தான் விற்றன. பத்து நாள் கழித்து வாங்கினவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். எல்லாருடைய சாவியும் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அப்பா மனசுக்குள் சிரித்திருந்தால் ஒன்றுமில்லை. வந்தவர்கள் முன்னால் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பெரியப்பா சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனவர்தான், திரும்பவில்லை. செம்பூர்ப் பக்கம் திலக் நகரில் இரும்பு பீரோக் கடை போட்டார் என்றும், கடைக்குப் போன் வந்துவிட்டது என்றும் கேள்விப்பட்டோம். ஆறு வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எனக்குப் பெரியப்பாவின் முகம்கூடச் சரியாக நினைவில் இல்லை.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். கஷாயம் குடித்தார், பத்தியம் இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டியபோது கட்டி என்றார்கள். திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள், அறுக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, "கத்தி வைக்கதுக்கு முந்தி அண்ணன்ட்ட ஒரு வார்த்தை பேசிரணும்" என்றார்.

"பேசுங்க. யாரு வேண்டாம்னா?" என்றாள் அம்மா. "பஸ்ஸு ஏறுனா அரை மணி நேரம். நேராப் போயிட்டு வந்துருங்க."

"போயி வாசல்ல நிக்கேன். உள்ள வான்னு அவரு சொல்லலைன்னா? கடைப் பயலுவ முன்னால அப்படியே திரும்பி வரணுமா?"

எதிலும் சுற்றிவளைக்காத மனிதர், தன் வாழ்நாளில் அந்த ஒரே ஒரு காரியத்துக்குச் சுற்றுவழியைத் தேர்ந்தெடுத்தார். போனில் பேசுவது என்று முடிவாயிற்று. அதுவரை அவர் போனைத் தொட்டது கிடையாது.

பக்கத்து வீட்டு மாமா தபாலாபீசில் வேலை பார்த்தார், கடை நம்பரைத் தேடிக் குறித்து வந்தவரும் அவர்தான். போன் பேசுவதை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஒரு பெட்டி மூடியில் சாக்கட்டியால் இரண்டு வட்டம் போட்டு, ஒன்றில் ஏ என்றும் இன்னொன்றில் பி என்றும் இங்கிலீஷில் எழுதினார். முதலில் காசைப் போட வேண்டும். பிறகு நம்பரைச் சுழற்ற வேண்டும். அந்தப் பக்கம் ஆள் எடுத்துப் பேசியதும் ஏ பொத்தானை அமுக்க வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் பி பொத்தானை அமுக்கினால் போட்ட காசு திரும்ப வந்துவிடும்.

"அவரு எடுத்துப் பேசிட்டாருன்னா, பொறவு எதுக்கு நான் அமுக்கணும்?" என்றார் அப்பா.

"அமுக்கினாத்தான் உங்க பேச்சு அவருக்குக் கேக்கும் அண்ணாச்சி. அதுவரைக்கும் அவரு பேசுறது மட்டும்தான் உங்களுக்குக் கேக்கும்."

"அவரு பேசுதது எனக்குக் கேக்கும், நான் பேசுதது அவருக்குக் கேக்காதா? இது என்னய்யா கூத்து! எதுத்தாப்புல ஒரு மனுசன் வந்து நின்னா வாயத் தொறந்து பேசுதோம். அங்க என்ன பொத்தானா இருக்கு?"

"காசு உள்ள விழுந்தாத்தான் உங்க வாய் தொறக்கும். சர்க்கார் போனு அண்ணாச்சி, அப்படித்தான்" என்று மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார், உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை முழுவதும் ஒத்திகை நடந்தது. நான்தான் பெரியப்பா. வாயைக் கையால் பொத்திக்கொண்டு "ஹலோ, யாரு?" என்பேன். அப்பா இடது கையில் ஒரு டம்ளரைக் காதோடு வைத்துக்கொண்டு, வலது கை விரலால் சாக்கட்டி வட்டத்தை அமுக்கி, "அண்ணே, நான்தான்" என்பார். நான்தான் என்றால் யாரென்று அவருக்கு எப்படித் தெரியும், பேரைச் சொல்லுங்கள் என்று மாமா திருத்தினார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கொரல் தெரியாதா எங்கண்ணனுக்கு?" என்றார். பத்துப் பதினைந்து தடவை செய்து பார்த்தோம். ஒரு தடவைகூட அவர் தப்புப் பண்ணவில்லை. பி பொத்தானுக்கு ஒத்திகையே நடக்கவில்லை. ஆனால் காசு திரும்ப வரும் என்று மாமா சொன்னது மட்டும் என் மனசில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டு, புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்து இரானி ஹோட்டலில், கல்லாவுக்கு அடுத்த சுவரில் அந்தப் போன் இருந்தது. கறுப்பாக, பெரிதாக, இரண்டு பொத்தானோடு. அப்பா அதை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய விரல் நம்பர் ஓட்டைக்குள் நுழையவில்லை. அதனால் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று காசு போட்டதும் நம்பரைச் சுழற்றியதும் நான்தான். அப்பா இடது கையில் போனைக் காதோடு பிடித்துக்கொண்டார். வலது கை விரலை ஏ பொத்தானின் மேல் தயாராக வைத்துக்கொண்டார்.

மணி அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு ஒரு கனத்த குரல். "ஹலோ, யாரு?"

அப்பாவின் வலது கை பொத்தானை விட்டுவிட்டுத் தோளுக்குப் போயிற்று. துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். முதுகு கொஞ்சம் வளைந்தது. எங்கள் ஆட்களில் மூத்தவர் முன்னால் தோளில் துண்டோடு யாரும் நிற்க மாட்டார்கள். சின்ன வயசிலிருந்து அண்ணன் குரல் கேட்டால் செய்கிற காரியத்தை அந்தக் கை தானாகச் செய்தது. ஒத்திகையில் ஹலோ சொன்னது நான். எனக்காக அவர் எதற்குத் துண்டை எடுக்கப் போகிறார்?

"அண்ணே, நான்தான்" என்றார்.

"ஹலோ? யாருங்க? ஹலோ!"

"நான்தான் அண்ணே. நாளைக்கு ஆஸ்பத்திரியில சேருதேன். வயித்தை அறுக்கணுங்காவ. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. அன்னைக்குச் சிரிச்சதை மனசுல வச்சுக்கிடாதிய."

"ஹலோ... ஹலோ..." பிறகு டக்கென்று ஒரு சத்தம்.

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடியும் காதில் வைத்தார். "வச்சிட்டாரு" என்றார். என்னிடம் சொல்லவில்லை, அந்தப் போனிடம்தான் சொன்னார். எங்களுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்த ஆள், "ஹோ கயா க்யா?" என்று, முடிந்ததா எனக் கேட்டான். "ஹோ கயா" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் போனை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, துண்டைத் திரும்பத் தோளில் போடாமலே வெளியே நடந்தார்.

நான் மரப்பெட்டியிலிருந்து இறங்குவதற்கு முன்னால் சட்டென்று பி பொத்தானை அமுக்கினேன். கடகடவென்று காசு கீழே வந்து விழுந்தது. எடுத்துப் பாவாடை இடுப்பில் முடிந்துகொண்டு அப்பாவின் பின்னால் ஓடினேன். ஐயோ, அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம்! சாயங்காலம் யாருக்கும் தெரியாமல், ஐஸைச் சீவி உருட்டிச் சிவப்புப் பாகு ஊற்றித் தரும் பர்ஃப் கோலா வாங்கித் தின்றேன். நாக்கில் இருந்த சிவப்புப் போகும்வரை வாயைத் திறக்காமல் வீட்டுக்குள் நடமாடினேன்.

வீட்டில் அம்மா கேட்டதற்கு, "பேசுனேன். நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டு வச்சிட்டாரு" என்றார் அப்பா. பக்கத்து வீட்டு மாமாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏ-யை அமுக்குனீங்கள்ல, அண்ணாச்சி?" என்றார். "நேத்து பூரா பழகுனேனே, அமுக்காமலா இருப்பேன்?" என்று அப்பா எரிந்து விழுந்தார். நானும் அங்கேதான் நின்றேன். என்னைக் கேட்டிருந்தால் அப்பா துண்டைத்தான் எடுத்தார் என்று சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் என் நாக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பத் தைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை போய்விட்டார். அந்த நான்கு நாளும் பார்க்க வருகிறவர்களுக்கான மணி அடிக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லித்தான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

யார் சொல்லிக் கேட்டாரோ, பிணம் எடுப்பதற்கு முன்னால் பெரியப்பா வந்துவிட்டார். சந்து முனையிலேயே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "தம்பீ" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். அந்தக் குரல்தான் போனில் கேட்ட குரல் என்று எனக்கு உடனே தெரிந்தது. அவர் முன்னால் நின்று அதுவரை பேசியறியாத அம்மா, தலைவிரி கோலமாக எழுந்து வாசலை மறித்தாள்.

"உயிரோட கூப்பிட்டப்போ வராம இப்ப எதுக்கு வந்திய அத்தான்? தம்பி கொரலைக் கேட்டதும் போனை வச்சிட்டியளே! வாசலைப் பாத்துப் பாத்தே கண்ணை மூடிட்டாவளே!"

"போனா? தம்பியா எனக்குப் போன் பண்ணுனான்?" பெரியப்பா திகைத்து நின்றார். "கடைக்கு எத்தனையோ போன் வருது தாயி. தம்பி கொரல் வரலியே. வந்திருந்தா நான் வைப்பனா? எங்கூடப் பொறந்தவனாச்சே!"

சந்தே வேடிக்கை பார்த்தது. யாரும் அவரை நம்பவில்லை. அப்பா பொய் சொல்கிறவரில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது யாரோ, "இந்தப் புள்ளைதான் கூடப் போச்சு" என்று என்னைக் காட்டினார்கள். பெரியப்பா என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லு மக்ளே. நெசமா எனக்குத்தான் போன் பண்ணுனானா? அங்க என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு."

ஒண்ணு விடாமல் சொன்னால் நான் எடுத்த காசும் பேச்சில் வந்துவிடும். கோலா வந்துவிடும். அப்பாவின் காசைத் திருடித் தின்றவள் என்று அத்தனை பேர் முன்னால், அப்பாவின் முகத்துக்கு முன்னால் தெரிந்துவிடும். நான் கையை உதறிக்கொண்டு, "நீங்கதான் வச்சிட்டிய" என்று கத்தினேன். "அப்பா பேசப் பேச நீங்கதான் வச்சிட்டிய!"

பெரியப்பா அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். "நானா வச்சேன்? நானா?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு சந்து முனைக்குப் போய் நின்றார். தூக்கிக்கொண்டு போனபோது கடைசி ஆளாகத் தூரத்தில் நடந்து வந்தாராம். தோள் கொடுக்க அவரை விடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் சந்தில் அவருக்குப் போனை வைத்த அண்ணாச்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அம்மா சாகும்வரை அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

பத்து வருஷம் கழித்து நான் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் டைப் அடிக்கப் போனேன். ஒருநாள் அதே மாதிரி ஒரு போனில் தோழியைக் கூப்பிட்டேன். அவசரத்தில் ஏ பொத்தானை அமுக்க மறந்து, அவள் ஹலோ ஹலோ என்று கத்தக் கத்த நானும் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் வைத்துவிட்டாள். எரிச்சலோடு பி-யை அமுக்கினேன். காசு கடகடவென்று திரும்பி விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பேச்சு போய்ச் சேர்ந்திருந்தால் காசு எப்படித் திரும்பி வரும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தெரியாமல் திலக் நகருக்குப் போனேன். பெரியப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மா என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். கடைசி வரைக்கும் கடையில் அவரோடு ஒரே தொல்லை என்றாள். போன் அடித்தால் ஓடிவந்து எடுப்பாராம். அந்தப் பக்கம் சத்தம் வராவிட்டால் எல்லாரும் வைத்துவிடுவார்கள், இவர் வைக்கவே மாட்டாராம். "'தம்பியா? பேசு தம்பி, நான் வைக்கல'ன்னு காதுல வச்சுக்கிட்டே நிப்பாவ, வாங்க வந்தவனெல்லாம் சிரிச்சுட்டுப் போவான்" என்றாள்.

நான் அழுதேன். பெரியம்மா என்னைத் தேற்றினாள். புதிதாக வந்த பூட்டு, பொத்தான் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்த மனிதர் அவர். "காசு திரும்பி வந்துச்சு பெரியப்பா" என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கியிருக்கும். அம்மாவிடம் சொல்லியிருப்பார். தம்பி தலைமாட்டில் உட்கார்ந்து அழுதிருப்பார். அதற்காகத்தான் ஒன்பது வயதுப் பிள்ளையின் முன்னால் அவர் மண்டியிட்டார். நானோ, அவர் காசைக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.