பகல் ஷிப்டில் அடித்த மணி

இந்தத் தீவில் சூரியன் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. காலை ஐந்து மணிக்கெல்லாம் ஜன்னலில் வெயில் அடிக்கும். மாலை டெலானிபூர் மேட்டை ஏறி முடிப்பதற்குள் இருட்டிவிடும். கடிகாரமோ கடலுக்கு அப்பாலுள்ள மெயின்லண்ட் நேரத்தைத்தான் காட்டும். வந்த புதிதில், பளீரென்ற வெயிலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம், இரண்டில் ஒன்று என்னை ஏமாற்றுவதாகத் தோன்றும்.

இந்தச் சந்தேகம் அறுபதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதம் பூராவும், நான் வேலை பார்த்த பவர் ஹவுஸையே பிடித்து ஆட்டியது. அங்கே பலகைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று எங்கள் இன்ஜின் தரும் மின்சாரத்தில் ஓடுவது. இன்ஜின் வேகம் கூடினால் அதுவும் முந்தும். மற்றது பழைய ஊசல் கடிகாரம். வாரம் ஒருமுறை துறைமுக ஆள் வந்து திருத்திவிட்டுப் போவதால், அது பொய் சொல்லாது என்று நம்பியிருந்தோம். தினமும் காலையில் மின்கடிகாரத்தை அதோடு ஒத்து வைப்போம். இரண்டுக்கும் இடைவெளி சற்று மிஞ்சினால், நடுவிலுள்ள மணி தானாக அடிக்கும்.

அந்த ஆடியில் மணி தினமும் அடித்தது, அதுவும் இன்ஜின் ஓட்டும் சிவ்லாலின் பகல் ஷிப்டில் மட்டும். அவன் தாத்தா கைதியாகக் கப்பலில் வந்தவர். சிவ்லால் கடல் தாண்டியதே இல்லை. அக்கம்பக்கத்துத் தமிழர்களிடம் கற்ற தமிழில் இந்தியைக் கலந்து பேசுவான்.

எங்கள் பொறியாளர் மதுரைப் பக்கத்துக்காரர். "ஏம்ப்பா, மணி யாரைப் பாத்து அடிக்குது? உன்னைத்தான். இன்ஜினை விரட்டுற. அடுத்த திங்கள் வரைக்கும் பாப்பேன். அப்புறம் நீ வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். சிவ்லாலின் வேலை தற்காலிகம்தான். கராச்சர்மா கிராமத்தில் அவனை நம்பி ஐந்து பேர் இருந்தார்கள்.

"அண்ணா, மெஷின் டீக் ஹை, சரியாத்தான் ஓடுது. கடிகாரத்துலதான் பூத் இருக்கு" என்றான் சிவ்லால் என்னிடம். "ஜெயில் காலத்துக் கடிகாரம். உள்ள யாரோ உக்காந்து பிடிச்சு இழுக்கறாங்க." ஊசல் கடிகாரத்துக்குக் கீழே, சுவரில் அறைந்த அலமாரிப் பலகையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்து, ஊதுபத்தி கொளுத்தினான். "பேய்க்குச் சர்பத்தா?" என்று நான் கேலி செய்தேன். அவன் கடிகாரத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

மறுநாள் பொறியாளரிடம் சொல்லி அவன் ஷிப்டை நான் வாங்கிக்கொண்டேன். மழை, மதியமே அந்தி போலிருந்தது. இன்ஜின் வேகத்தை நான் தொடவே இல்லை. ஆனாலும் மணி அடித்தது. ஆளில்லாத மூலையிலிருந்து வந்த அந்த ஓசையில் சட்டென்று திரும்பினேன். நிமிர்ந்து பார்த்தேன். எலுமிச்சம்பழம் நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. பழம் மெல்லத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, என் பக்கம் காம்பைத் திருப்பி நின்றது.

ஓடிப்போயிருக்கலாம். சுவரில் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல்காரனின் உடம்பு போலப் பலகை அதிர்ந்தது. மரமில்லுக்காக மதியம் மட்டும் ஓடும் மூன்றாவது இன்ஜின், இந்தச் சுவருக்கு அடுத்த பக்கம்தான் இருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். பழம் அடங்கியது. மீண்டும் ஓட விட்டதும் நடுங்கியது. அந்த அதிர்வில் ஊசல் தடுமாறிப் பின்தங்குகிறது என்று ஊகித்தேன். ஆனால் இரண்டு கடிகாரங்கள் முரண்படும்போது, எது தவறு என்று அந்த இரண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதே. மூன்றாவது சாட்சி வேண்டும்.

திங்கட்கிழமை காலை துறைமுக ஆள் வந்து ஊசலைத் திருத்திவிட்டுப் போனதும், மதியம் மூன்றாவது இன்ஜின் ஓடும் நேரத்தில் என் வீட்டு ரேடியோவைச் சுமந்துகொண்டு போனேன். பொறியாளர், சிவ்லால், நான் மூவரும் இரைச்சலுக்குள் காதை வைத்துக் காத்திருந்தோம். செய்திக்கு முன் மெயின்லண்டிலிருந்து நேரம் சொல்லும் பீப் ஒலிகள் வந்தன. கடைசி ஒலியில் மின்கடிகாரத்தின் பெரிய முள் சரியாகப் பன்னிரண்டைத் தொட்டது. நாங்கள் நம்பிய ஊசல் கடிகாரம் பின்னால் கிடந்தது. அந்த நொடியிலேயே மணியும் அடித்தது. மூவரும் துள்ளிவிட்டோம்.

"பொழச்சே, போ" என்றார் பொறியாளர் சிவ்லாலிடம். "ஊசலை நாளைக்குக் கல்சுவருக்கு மாத்திடலாம்."

சிவ்லால் திரும்பவில்லை. ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் இங்கேயே பொறந்தவன். ஒரு மாசமா சொன்னேன், யாரும் நம்பல. அங்கேருந்து ஒரு பீப் வந்தா உடனே சச், நெசம் ஆயிடுமா அண்ணா?"

வெளியே ஜீப்பில் எனக்கு மட்டும் இடம் ஒதுக்கிவிட்டு, "வாய்யா, நம்ம வீட்ல ரசம் வச்சிருக்காங்க" என்று பொறியாளர் ஹாரன் அடித்தார். உள்ளே சிவ்லால் இன்ஜின் பக்கம் திரும்பி, எனக்கும் சேர்த்து இரண்டு கிளாஸில் டீ ஊற்றினான். கனக்கும் ரேடியோவைக் கட்டிக்கொண்டு, மழைச் சாரல் ஒரு தோளிலும் இன்ஜின் சூடு மறு தோளிலும் பட, வாசல்படியிலேயே நின்றேன்.